ஐபி 65, ஐபி 67: மழையில் நனையும் சுவிட்ச் பாக்ஸை இந்த எண் காப்பாற்றுமா?

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. காலையில் மொட்டை மாடி மோட்டாரின் சுவிட்சைப் போட்டால் எம்சிபி ட்ரிப் ஆகிறது. பாக்ஸைத் திறந்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். "வாட்டர் ப்ரூஃப்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. பாக்ஸின் பக்கவாட்டில் 'ஐபி 65' என்று தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது.

அந்த எண் பொய்யா? பல நேரங்களில் எண் சரியாகத்தான் இருக்கும். ஆனால், அந்த எண் உறுதி சொல்வது ஒன்று, வாங்குபவர் புரிந்துகொள்வது வேறொன்று. மின்சாரமும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மீட்டர் பாக்ஸ், சிசிடிவி கேமரா, தோட்ட விளக்கு, கீசர், சோலார் இன்வெர்ட்டர், செல்போன் என எல்லாவற்றிலும் இருக்கும் இந்த ஐபி எண்ணை எப்படிப் படிப்பது? எந்த இடத்துக்கு எந்த எண் வேண்டும்? சரியான எண் இருந்தும் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ஐபி என்றால் என்ன?

இணையத்தில் பேசப்படும் ஐபி முகவரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு மின்சாதனத்தின் மேல்கூடு, அதாவது பாக்ஸ், வெளியிலிருந்து வரும் பொருள்களையும் தண்ணீரையும் எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதைச் சொல்லும் குறியீடு இது.

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், அதாவது ஐஇசி, இதற்கான தரநிலையை 1976-ல் வெளியிட்டது. இன்று அதன் பெயர் ஐஇசி 60529. இந்தியாவில் அதே தரநிலை ஐஎஸ்/ஐஇசி 60529 என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது.

'வாட்டர் ப்ரூஃப்', 'வெதர் ப்ரூஃப்', 'ஹெவி டியூட்டி' போன்ற வார்த்தைகளை யார் வேண்டுமானாலும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். ஐபி எண்ணுக்குப் பின்னால் குறிப்பிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. எவ்வளவு தண்ணீர், எந்தத் திசையில், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது.

இதைச் சேர்த்து 'அறுபத்தைந்து' என்று படிக்கக் கூடாது. ஆறு தனி, ஐந்து தனி. முதல் எண் திடப்பொருளுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு.

முதல் எண் சொல்வது: விரல் முதல் தூசி வரை

முதல் எண் 0-விலிருந்து 6 வரை போகும். இது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொல்கிறது. வெளியில் உள்ள பொருள் உள்ளே போகாமல் தடுப்பது ஒன்று. மனிதக் கை உள்ளே இருக்கும் மின்பகுதியைத் தொட்டுவிடாமல் தடுப்பது இன்னொன்று.

0 – எந்தப் பாதுகாப்பும் இல்லை.
1 – 50 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய பொருள் உள்ளே போகாது. புறங்கை தவறுதலாகப் படாது.
2 – 12.5 மி.மீ. மற்றும் அதைவிடப் பெரிய பொருள் போகாது. விரல் மின்பகுதியைத் தொடாது.
3 – 2.5 மி.மீ. அளவுள்ள கருவி போகாது.
4 – 1 மி.மீ. அளவுள்ள கம்பி போகாது.
5 – தூசி கொஞ்சம் போகலாம். ஆனால், சாதனத்தின் வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது.
6 – தூசி உள்ளே போகவே போகாது.

கடைசி இரண்டு எண்களுக்கான சோதனையில், டால்கம் பவுடர் சுழன்று பறக்கும் ஒரு அறைக்குள் பாக்ஸை வைக்கிறார்கள். சோதனை அதிகபட்சம் 8 மணி நேரம் வரை போகும். பிறகு திறந்து, உள்ளே பவுடர் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் சாதாரண சுவிட்ச், பிளக் பாயிண்ட் ஆகியவை பெரும்பாலும் ஐபி 20 அளவில்தான் இருக்கும். பெரியவர் விரல் படாது, தண்ணீருக்குப் பாதுகாப்பு பூஜ்யம் என்பது இதன் பொருள். குழந்தை ஹேர்பின்னைச் சொருகினால் இந்த எண் தடுக்காது. அதற்கு ஓட்டைகளை உள்ளிருந்து மூடும் ஷட்டர் வைத்த பிளக் பாயிண்ட் வேண்டும்.

இரண்டாவது எண் சொல்வது: தூறல் முதல் மூழ்குவது வரை

தண்ணீருக்கான எண் 0-விலிருந்து 9 வரை போகும்.

0 – பாதுகாப்பு இல்லை.
1 – நேராக மேலிருந்து சொட்டும் தண்ணீர்.
2 – பாக்ஸ் 15 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் மேலிருந்து சொட்டும் தண்ணீர்.
3 – செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்வாக வரும் சாரல்.
4 – எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் தண்ணீர்.
5 – 6.3 மி.மீ. குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் பீய்ச்சும் தண்ணீர்.
6 – 12.5 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் பீய்ச்சும் தண்ணீர்.
7 – 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவது.
8 – அதைவிடக் கடுமையான நிலையில், தொடர்ந்து மூழ்கியிருப்பது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும்.
9 – 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரை மிக அதிக அழுத்தத்தில், மிக அருகிலிருந்து பீய்ச்சுவது.

மழைச் செய்திகளில் கேட்கும் கணக்கோடு ஒப்பிட்டால் இது எளிதாகப் புரியும். எண் 1-க்கான சோதனையில் நிமிடத்துக்கு 1 மி.மீ. தண்ணீர் சொட்டுகிறது. மணிக்கணக்கில் சொன்னால் 6 செ.மீ. மழை. எண் 2-க்கு நிமிடத்துக்கு 3 மி.மீ., அதாவது மணிக்கு 18 செ.மீ. மேகவெடிப்பு அளவுக்கான மழை இது.

அப்படியானால் ஐபி 22 போதுமே என்று தோன்றலாம். போதாது. சோதனைக் கூடத்தில் தண்ணீர் மேலிருந்து மட்டும் சொட்டுகிறது. ஊரில் பெய்யும் மழை காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும், தரையில் பட்டு மேலே தெறிக்கும். அதனால்தான் திறந்தவெளி என்றாலே இரண்டாவது எண் 4-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். 'ஒரு சொட்டுகூட உள்ளே போகாது' என்று இரண்டாவது எண் உறுதி சொல்வதில்லை. 'தீங்கு ஏற்படுத்தும் அளவுக்குத் தண்ணீர் போகாது' என்றுதான் பொருள்.

நடுவில் 'எக்ஸ்' வந்தால்?

பல கீசர்களில் 'ஐபிஎக்ஸ் 4' என்று இருக்கும். எக்ஸ் என்றால் பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை. அந்த இடத்துக்கான பாதுகாப்பு குறிப்பிடப்படவில்லை என்பதே பொருள். கீசர் விஷயத்தில் தூசியைவிட, குளியலறையில் தெறிக்கும் தண்ணீர்தான் முக்கியம் என்பதால் அதை மட்டும் குறிப்பிடுகிறார்கள்.

'ஐபி 75', 'ஐபி 88' என்று யாராவது விற்றால் உஷாராக வேண்டும். முதல் எண் 6-க்கு மேல் இந்தத் தரநிலையில் கிடையவே கிடையாது.

67 என்றால் 66-ஐவிட மேலா?

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். எண் பெரிதாக இருந்தால் சின்ன எண்ணின் பாதுகாப்பும் அதற்குள் அடங்கும் என்று நினைப்பது இயல்பு. இரண்டாவது எண்ணில் 6 வரை அந்தக் கணக்கு சரி. 7-ல் இருந்து கணக்கு மாறுகிறது.

5-ம் 6-ம் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் சோதனைகள். 7-ம் 8-ம் அமைதியான தண்ணீருக்குள் மூழ்க வைக்கும் சோதனைகள். இரண்டும் வேறு வேறு வகைத் தாக்குதல்கள்.

தண்ணீருக்குள் மூழ்கும்போது எல்லாப் பக்கமும் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். ரப்பர் பட்டை மூடியோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். ஆனால், நிமிடத்துக்கு 100 லிட்டர், அதாவது சுமார் ஆறு குடம் தண்ணீர், ஒரே புள்ளியில் அடித்தால் அதே ரப்பர் பட்டை ஓரத்தில் விலகலாம். மூழ்கும் சோதனையில் தேறிய பாக்ஸ் பீய்ச்சும் சோதனையில் தோற்பது நடக்கக்கூடியதே.

இதனால், ஐபி 67 என்று மட்டும் போட்டிருந்தால் அது பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று தரநிலை சொல்வதில்லை. இரண்டு சோதனைகளிலும் தேறியிருந்தால் 'ஐபி 66/ஐபி 67' என்று இரண்டையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

பைக், கார் கழுவும் பிரஷர் வாஷரை சுவரில் உள்ள சார்ஜர் பாக்ஸ் மீது திருப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அருகில் வைத்து அதிக அழுத்தத்தில் அடிக்கும் தண்ணீருக்கு 65, 67 இரண்டுமே பதில் இல்லை. அதற்கான எண் 9. உணவுத் தொழிற்சாலைகள் போல, இயந்திரங்களை வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் இடங்களுக்காக இருப்பது அது. 2013-ல் செய்த திருத்தத்தில்தான் ஐஇசி 60529-ல் இந்த எண் சேர்க்கப்பட்டது.

அப்போ 68-தான் பெஸ்ட்டா?

8 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆழமும் நேரமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். செல்போன்களிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு போனின் ஐபி 68 என்பது 1.5 மீட்டரில் 30 நிமிடம். இன்னொன்றின் ஐபி 68 என்பது 6 மீட்டரில் 30 நிமிடம். இரண்டிலும் அட்டையில் இருக்கும் எண் ஒன்றுதான்.

சோதனை நடப்பது நல்ல தண்ணீரில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர், குளோரின் கலந்த நீச்சல் குளம், சோப்புத் தண்ணீர் ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை.

இந்த வித்தியாசம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பது போல விளம்பரம் செய்ததற்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-ல் சாம்சங் நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரத்தோடு சார்ஜ் செய்தால் சார்ஜிங் துளை அரித்துப்போகலாம் என்பது அங்கே முக்கியப் பிரச்னையாக இருந்தது. அதற்கு முன்பு 2020-ல், ஐபோன்களின் தண்ணீர் தாங்கும் திறன் பற்றிய விளம்பரங்களுக்காக ஆப்பிள் நிறுவனத்துக்கு இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

ஒரு செல்போன் போனால் பணம்தான் நஷ்டம். 230 வோல்ட் ஓடும் பாக்ஸில் அதே தவறான நம்பிக்கை இருந்தால் போவது உயிராக இருக்கலாம்.

சோதனைக் கூடத்தில் வெயில் இல்லை

ஐபி சோதனை நடப்பது சுத்தமான, புத்தம் புதிய பாக்ஸில். நான்கைந்து வருட வெயிலில் காய்ந்து, ரப்பர் இறுகி, மூடி வளைந்துபோன பாக்ஸுக்கு அந்த எண் பொருந்தும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் திருகாணி துருப்பிடிப்பது, வெயிலில் பிளாஸ்டிக் வெளுத்து உடைவது, எறும்பும் பல்லியும் புகுவது, உள்ளே ஈரம் வேர்ப்பது ஆகிய எதையும் ஐபி எண் அளப்பதில்லை. பாக்ஸ் மீது அடி விழுந்தால் தாங்குமா என்பதற்கு 'ஐகே' என்ற வேறொரு குறியீடு இருக்கிறது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, பாக்ஸ் தானாகவே தண்ணீரை உறிஞ்சும் என்பது. மே மாத வெயிலில் மொட்டை மாடி பாக்ஸுக்குள் இருக்கும் காற்று 60 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். திடீரென ஒரு கோடை மழை. பாக்ஸ் 25 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பாக்ஸ் முழுமையாக மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் சுமார் 10 சதவீதம் குறையும்.

10 சதவீதம் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால், அது 1 மீட்டர் ஆழத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமம். மூடியின் ஓரத்தில் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீரை இந்த உறிஞ்சல் ரப்பர் பட்டை வழியே உள்ளே இழுக்கும். ஐபி சோதனையில் பாக்ஸுக்கும் தண்ணீருக்கும் இடையே வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால், இந்தச் சூடும் குளிர்ச்சியும் அங்கே கணக்கில் வருவதில்லை.

'எந்த ஓட்டையும் இல்லை, ஆனா உள்ள தண்ணி இருக்கு' என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் காரணம். இதற்குத் தீர்வு உண்டு. காற்றை விட்டு, தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வைத்த 'பிரீதர்' எனும் சிறிய பிளக் கிடைக்கிறது. பெரிய பாக்ஸ்களின் அடியில் அதைப் பொருத்தலாம். அதுவும் இல்லையென்றால், பாக்ஸுக்கு மேலே ஒரு சின்ன தகரக் கூரை போட்டு, நேரடி வெயிலும் மழையும் படாமல் செய்வதே பெரிய உதவி.

எண்ணை மாற்றிவிடும் ஒரு ஓட்டை

கடையில் வாங்கும்போது பாக்ஸில் வயர் நுழைய ஓட்டை இருக்காது. அல்லது, தட்டினால் திறக்கும் வட்டங்கள் இருக்கும். ஐபி 65 என்பது அந்த மூடிய நிலைக்குக் கிடைத்த எண். எலக்ட்ரீஷியன் முதல் ஓட்டை போட்டதும், அந்த எண்ணைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிடுகிறது.

தண்ணீர் அதிகம் நுழையும் இடங்கள் இவை:

மேல்பக்க ஓட்டை: வயரை மேலிருந்து இறக்கினால், வயர் மீது வழியும் மழைநீர் நேராக பாக்ஸுக்குள் வரும். ஓட்டை அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். வயரும் பாக்ஸுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போது தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பொருந்தாத கிளாண்ட்: வயர் நுழையும் இடத்தை இறுக்கும் கேபிள் கிளாண்டுக்கு ஒரு அளவு உண்டு. எம்20 அளவுள்ள சாதாரண பிளாஸ்டிக் கிளாண்ட் பெரும்பாலும் 6 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள வட்டமான கேபிளைத்தான் இறுக்கும். அதற்குள் மூன்று தனி வயர்களைச் சேர்த்து நுழைத்தால் நடுவில் இடைவெளி இருக்கும்.

தட்டைக் கேபிள்: போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வரும் கேபிள் தட்டையானது. வட்ட கிளாண்ட் அதைச் சுற்றிப் பிடிக்காது. இரண்டு பக்கமும் சந்து விழும். தட்டைக் கேபிளுக்கென்றே உள்ள கிளாண்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

பைப் வழி வரும் தண்ணீர்: மாடியிலிருந்து பிவிசி பைப்பில் வயர் இறங்கினால், பைப்பின் மேல்முனையில் நுழையும் மழைநீர் கீழே உள்ள பாக்ஸில் வந்து நிற்கும். பாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் இல்லை. பைப்பின் மேல்முனையைக் கீழ்நோக்கி வளைத்து, வாயை அடைக்க வேண்டும்.

பின்பக்கத் திருகாணி: பல பாக்ஸ்களில் சுவரில் மாட்டுவதற்கான துளைகள் ரப்பர் பட்டைக்கு வெளியே, மூலைகளில் இருக்கும். அவசரத்தில் பாக்ஸின் நடு முதுகில் டிரில் போட்டால், சுவரில் வழியும் தண்ணீருக்கு அதுவே வாசல்.

விடுபட்ட திருகாணி: மூடிக்கு நான்கு திருகாணி இருந்தால் நான்கையும் போட வேண்டும். 'ரெண்டு போதும் சார்' என்றால் ரப்பர் பட்டை ஒரு பக்கம் அழுந்தாது.

எல்லாவற்றுக்கும் சிலிகான் பூசிவிடும் பழக்கமும் இருக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் காயும்போது அமிலத்தை விடும். அது தாமிர வயரை அரிக்கக்கூடியது. பூச வேண்டிய கட்டாயம் இருந்தால் 'நியூட்ரல்' வகை சிலிகானைக் கேட்டு வாங்குவது நல்லது.

எந்த இடத்துக்கு எந்த எண்?

ஹால், படுக்கையறை: ஐபி 20 போதும்.
குளியலறை: தெறிக்கும் தண்ணீருக்கு இரண்டாவது எண் குறைந்தது 4. ஷவர் நேராக அடிக்கும் இடத்தில் சுவிட்சோ பிளக் பாயிண்டோ இருக்கவே கூடாது.
கூரை உள்ள பால்கனி, கார் நிறுத்துமிடம்: ஐபி 44 அல்லது ஐபி 54.
மொட்டை மாடி, வெளிச்சுவர், தோட்டம்: ஐபி 65.
தெருவிளக்கு, காற்றும் மழையும் நேராக அடிக்கும் இடம்: ஐபி 65 அல்லது ஐபி 66.
மாவு மில், மரம் அறுக்கும் பட்டறை: தூசி அதிகம் என்பதால் முதல் எண் 6.
தரையில் பதிக்கும் விளக்கு: மழையில் தண்ணீர் தேங்கும் என்பதால் ஐபி 67.
நீரூற்று, நீச்சல் குளத்துக்குள்: ஐபி 68. எத்தனை மீட்டர் ஆழம் என்ற விவரமும் வேண்டும். கூடவே, குறைந்த வோல்டேஜில் எரியும் விளக்காகவும் இருக்க வேண்டும்.

பிளக் பாயிண்ட் வாங்கும்போது இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். மூடி சாத்தியிருக்கும்போது மட்டும்தான் இந்த எண்ணா, பிளக் சொருகியிருக்கும்போதும் உண்டா? பல வெளிப்புற பிளக் பாயிண்ட்களில் பிளக்கைச் சொருகினால் மூடி முழுதாகச் சாத்தாது. சீரியல் செட் மாட்டிய கார்த்திகை மாத இரவில் மழை வந்தால், அச்சிட்ட எண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

வெள்ளம் வந்தால் ஐபி எண் காப்பாற்றுமா?

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஐபி 67 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. சேறும் சாக்கடையும் கலந்த தண்ணீர் அது. இந்த நிலைமையை அரை மணி நேரச் சோதனையோடு ஒப்பிடவே முடியாது.

சாதாரண மீட்டர் பாக்ஸோ, தெருவோர பில்லர் பாக்ஸோ நீரில் மூழ்குவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. வெள்ளத்துக்கான பாதுகாப்பு உயரத்தில்தான் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மீட்டர் போர்டு தரைத்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். கடந்த வெள்ளத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்பதைப் பார்த்து, அதற்கு மேலே போர்டை ஏற்றுவதுதான் ஐபி எண்ணைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும், கை உலர்ந்திருக்கும்போதே, உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணைத்துவிட வேண்டும். மெயின் இருக்கும் இடத்தைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டால் அதன் அருகே போகவே கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தண்ணீர் வடிந்த பிறகும் அவசரம் கூடாது. மூழ்கிய எம்சிபி, சுவிட்ச் ஆகியவை வெளியில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே சேறு இருக்கும். அவற்றை மாற்றிவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காதா?

இது இன்னொரு தவறான நம்பிக்கை. எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி, அதைவிட அதிக மின்னோட்டம் போனால்தான் அணையும். மனித உயிரைப் பறிக்க ஆம்பியரில் சில நூறில் ஒரு பங்கே போதும்.

அதற்காக இருப்பதுதான் ஆர்சிசிபி. போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வராமல், 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தாலே உடனடியாக அணைத்துவிடும். பாக்ஸுக்குள் தண்ணீர் போய்விட்ட பிறகு கடைசி அரணாக நிற்பது இதுவும், சரியான எர்த் இணைப்பும்தான். ஆர்சிசிபியில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை அவ்வப்போது அழுத்தி, அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணையவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

ஐபி எண் பாக்ஸின் மீதே அச்சாகியிருக்கிறதா? அட்டையில் மட்டும் இருந்தால் போதாது.
எந்தத் தரநிலைப்படி சோதித்தது? ஐஎஸ்/ஐஇசி 60529 அல்லது ஐஇசி 60529 என்ற குறிப்பு இருக்கிறதா?
ஐபி 68 என்றால் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம்?
பொருத்தமான கிளாண்ட் கூடவே வருகிறதா? தனியாக வாங்க வேண்டுமென்றால், அதன் ஐபி எண் என்ன? பாக்ஸ் 65, கிளாண்ட் 44 என்றால் மொத்தமும் 44 என்றே கணக்கில் கொள்ள வேண்டும்.
பிளாஸ்டிக் வெயில் தாங்கும் வகையா?

ஏற்கெனவே மாட்டியிருக்கும் பாக்ஸுக்கு, வருடம் ஒருமுறை, அக்டோபர் மழைக்கு முன்பாக, மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து பார்ப்பது போதும். அடியில் வெள்ளைக் கறை இருக்கிறதா, முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா, ரப்பர் பட்டை நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி மீள்கிறதா என்று பார்க்கலாம். கறை இருந்தால் போன மழையிலேயே தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் மீளவில்லை என்றால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதன் விலை, மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.